அவுக வந்தாக

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து பேரன் போன் செய்தான். மகள் வயிற்றுப் பேரன். ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. தமிழில் கூப்பிடுகிறவர்களுக்குத் தமிழில் பதில் சொல்கிற வேலை.

"ஐயா, என் பேச்சு சரியில்லையாம். அங்கிட்டு இங்கிட்டுன்னு சொல்லக் கூடாதாம். நான் பேசின ரெக்கார்டிங்கை ட்ரெயினிங்ல போட்டுக் காட்டி எல்லாரும் சிரிக்கிறாக" என்றான்.

அவன் 'சிரிக்கிறாக' என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வயிற்றையும் ஏதோ செய்தது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு வந்த வினையும் அந்த ஒரு 'க'வினால் வந்ததுதான்.

புதுவயல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்தில் பெரியவர்களைப் பற்றிப் பேசினால் 'அவுக வந்தாக, சொன்னாக, சாப்பிட்டாக'தான். மரியாதைக்கென்றே இருக்கிற பேச்சு அது. என் அப்பா இங்கே ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. மில் முதலாளியையும் 'அவுக' என்பார்; களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக் காயவிடுகிற வயதான ஆத்தாவையும் 'அவுக' என்பார். அந்தப் பேச்சோடு வளர்ந்து, காரைக்குடி அழகப்பா கல்லூரியில் பி.காம். முடித்து, 1975-ல் சென்னையில் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். வங்கியின் பெயர் வேண்டாம். இருந்தவர்களில் பலர் இப்போது இல்லை.

சேர்ந்த இரண்டாவது வாரம். கவுண்டரில் ஓர் அம்மா வந்து மேனேஜரைக் கேட்டார். "மேனேஜர் வெளிய போயிருக்காகம்மா. செத்த நேரத்துல வந்துருவாக. அங்கிட்டு உக்காருங்க" என்றேன். பின்னால் இருந்த அக்கவுண்டன்ட் உரக்கச் சிரித்தார். "போயிருக்காக, வந்துருவாக! ஏம்பா, மாட்டுச் சந்தையிலேர்ந்து நேரா இங்க வந்துட்டியா?" என்றார். ஆபீஸே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு 'வந்தாக' என்று பெயர். காபி வாங்கி வருகிற பையன்கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

அத்தோடு போயிருந்தால் கிண்டல் என்று விட்டிருப்பேன். அடுத்த மாதம் என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்து, பின்னால் லெட்ஜர் எழுத அனுப்பினார்கள். காரணம் கேட்டேன். "படிச்சவங்க வர்ற பிராஞ்ச் இது. உன் பேச்சு ஒத்து வராது" என்றார் அக்கவுண்டன்ட். என் கணக்கில் ஒரு பைசா தவறு வந்ததில்லை. அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கேஷில் உட்காருகிறவர்களுக்குத் தனி அலவன்ஸ் உண்டு. அந்த வாய்ப்பும் போயிற்று. ஊருக்கு அனுப்புகிற மணியார்டரில் அது தெரிந்தது.

நான் என்ன செய்தேன்? சண்டை போடவில்லை. பேச்சை மாற்றிக்கொண்டேன். மேன்ஷன் அறையில் கண்ணாடி முன்னால் நின்று 'வந்தாங்க, போனாங்க' என்று சொல்லிப் பழகினேன். 'வெஞ்சனம்' போய் 'கறி, கூட்டு' வந்தது. 'வெள்ளன' போய் 'சீக்கிரம்' வந்தது. இரண்டே வருடத்தில் நான் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

1978-ல் அப்பா என்னைப் பார்க்கச் சென்னைக்கு வந்தார். சொல்லாமல் நேராக பிராஞ்சுக்கே வந்துவிட்டார். கையில் மஞ்சள் பை. "தம்பி இருக்காகளா? நான் அவுக அப்பா, புதுவயல்லேர்ந்து வர்றேன்" என்று கவுண்டரில் கேட்கிறார். பெற்ற மகனை, ஆபீஸில் இருக்கிறான் என்பதற்காக, மரியாதை வைத்துச் சொல்கிறார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? உள்ளே அழைத்து வந்து நாற்காலி போட்டிருக்க வேண்டும். எழுந்து ஓடிப்போய், அவர் இன்னொரு வார்த்தை பேசுவதற்குள் தோளைப் பிடித்து வெளியே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "வேலை நேரத்துல வந்துட்டேன் போல" என்றார். அதற்கப்புறம் அவர் என் ஆபீஸ் பக்கமே வரவில்லை.

இப்போது ஓய்வில் இருக்கையில் இதையெல்லாம் யோசித்துப் பார்க்கிறேன். எழுதும்போது எல்லோருக்கும் 'வந்தார்கள்'தான். பேசும்போது தமிழ்நாட்டில் எந்த ஊரும் அதை முழுசாகச் சொல்வதில்லை. சென்னையில் 'வந்தாங்க', நம்மிடம் 'வந்தாக', திருநெல்வேலி நாகர்கோவில் பக்கம் 'வந்தாவ'. மூன்றும் தேய்ந்த சொற்கள்தான். ஒன்று மட்டும் நாகரிகமாகவும் மற்ற இரண்டும் கொச்சையாகவும் ஆனது எப்படி? இலக்கணத்தில் அதற்குப் பதில் இல்லை. ஆபீசும் ரேடியோவும் சினிமாவும் எங்கே இருந்தனவோ, அங்கே இருந்தவர்களின் வாய்க்கு வந்தது 'நல்ல தமிழ்' ஆயிற்று.

சொல்லப்போனால் சென்னையிலேயே ஏழைகள் பேசிய மெட்ராஸ் பாஷைக்கும் இடம் கிடைக்கவில்லை. 1958-ல் வந்த 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக அந்தப் பாஷையைப் பேசினார்; நாம் எல்லோரும் சிரித்தோம். 2000-ல் 'தெனாலி' வந்தபோது யாழ்ப்பாணத் தமிழுக்குச் சிரித்தோம். பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977-ல் வந்தபோதுதான் கிராமத்துப் பேச்சை ஊன்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் படம் வந்த மாதத்தில் ஆபீஸில் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்கள் என்பதும் உண்மை!

தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்து, நான்கும் செய்யுளுக்கு ஆகும் என்கிறது. வட்டாரத்துச் சொல்லுக்குச் செய்யுளிலேயே இடம் இருக்கிறது. வங்கிக் கவுண்டரில் இல்லை. கம்பன் கழகமும் தமிழ்த்தாய் கோயிலும் உள்ள காரைக்குடிக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு, என் தமிழுக்கு நானே வெட்கப்பட்டேன். பள்ளிப் படிப்பையே முழுசாக முடிக்காத கி.ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்தார். அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியர் ஆக்கியது. 1991-ல் சாகித்ய அகாதெமி விருதும் வந்தது. அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் கண்ணாடி முன்னால் நின்றிருக்க மாட்டேனோ என்னவோ.

இதுவரை என் குறையைச் சொன்னேன். இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

1996-ல் கோயம்புத்தூரில் ஒரு பிராஞ்சுக்கு மேனேஜராக இருந்தேன். நாகர்கோவிலிலிருந்து ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்தார். நல்ல வேலைக்காரர். ஒருநாள் பெரிய மில் முதலாளி ஒருவர் வந்தபோது, "சார் சாப்பிடப் போயிருக்காவ, இப்பம் வந்துருவாவ" என்று சொல்லியிருக்கிறார். முதலாளி என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். அந்த முதலாளியே வார்த்தைக்கு வார்த்தை 'ஏனுங்க' போட்டுக் கொங்குத் தமிழ் பேசுகிறவர்தான். டெபாசிட் உள்ளவர் பேசினால் அது அழகு.

நான் அந்தத் தம்பியை கேபினுக்குக் கூப்பிட்டு, "பெரிய கஸ்டமர்கள் வர்ற இடம். கொஞ்ச நாள் பின்னால இருங்க" என்றேன். திட்டவில்லை, கிண்டல் செய்யவில்லை, தன்மையாகத்தான் சொன்னேன். அதனாலேயே நான் செய்தது எதுவென்று எனக்கே தெரியவில்லை. ஒரு வருடம் கழித்து ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். கை கொடுத்து, "வாறேன் சார்" என்றார். உடனே தன்னைத் திருத்திக்கொண்டு, "வரேன் சார்" என்றார். அந்தத் திருத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்ற 1975 அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

சட்டம் இருக்கிறதா என்று பேரன் கேட்டான். அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு வேலையில் மதம், இனம், சாதி, பால், வம்சாவளி, பிறந்த இடம், வசிக்கும் இடம் இவற்றை வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் மொழி இல்லை. பேச்சு வழக்கு எங்கே இருக்கப்போகிறது? ஆனால் ஒருவனின் பேச்சு என்பது அவன் பிறந்த இடம்தானே! அமெரிக்காவில் வேலைக்கு உண்மையிலேயே இடைஞ்சலாக இருந்தால் ஒழிய உச்சரிப்பைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், கால் சென்டர்களில் இந்தியர் பேசுகிற ஆங்கிலத்தைப் பேசும்போதே வெள்ளைக்காரர் காதுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற மென்பொருளும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. எனக்குக் கண்ணாடி, இவர்களுக்குக் கம்ப்யூட்டர்.

பேரனிடம் இப்படிச் சொன்னேன்: "போனில் கேட்கிறவருக்கு ஒரு சொல் புரியவில்லை என்றால் வேறு சொல்லில் சொல். அது உன் வேலை. எந்த வாடிக்கையாளருக்கு எந்தச் சொல் புரியவில்லை என்று மேலதிகாரியிடம் பணிவாகக் கேள். பதில் இருந்தால் திருத்திக்கொள். இல்லை என்றால், அவுக சிரிப்பதற்காக நீ மாறாதே."

"சரிங்கய்யா" என்றான். செய்வானோ மாட்டானோ. வேலை அவனுக்கு வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த நாகர்கோவில் தம்பிக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். எங்காவது மேனேஜராக இருப்பார். தன் கவுண்டரில் யாரையும் பேச்சுக்காகப் பின்னால் அனுப்பாமல் இருக்கிறார் என்றே நினைத்துக்கொள்கிறேன்.