முட்டுக்காட்டுக் கழியில் மரம் தின்னும் சிப்பி

படூர் என்றதும் இன்று பலருக்கு நினைவில் எழுவன பழைய மாமல்லபுரம் சாலையும், அதன் இருமருங்கிலும் வானளாவ எழுந்துவிட்ட அடுக்குமாடிகளும், கல்லூரிக் கட்டடங்களுமே. ஆயினும் அச்சாலையின் இரைச்சலை விட்டுக் கிழக்கே சிறிது தொலைவு சென்றால் பக்கிங்காம் கால்வாய் குறுக்கிடுகின்றது. அதற்கு அப்பால் முட்டுக்காட்டு உப்பங்கழி, அதற்கும் அப்பால் மணல்மேடு, பின்னர் கடல். கேளம்பாக்கம் சென்று, அங்கிருந்து கோவளம் செல்லும் சாலையில் திரும்புவோர் உப்பளம், கால்வாய், கழி, கடல் ஆகிய நான்கையும் ஒரே வழியில் கண்டுவிடலாம். குடும்பத்தோடு மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணப் புறப்படும் அன்பர்கள் இவ்வழியே சற்றுச் சுற்றிச் செல்வார்களாக!

கால்வாயின் வரலாறு நெடியது. 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய வேலை அது. 1876–78 ஆண்டுகளின் கொடிய பஞ்சத்தில், பசித்த ஏழை மக்கள் கூலிக்கு வெட்டிய பகுதிதான் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தது. அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. உப்பும் விறகும் ஏற்றிய மரப்படகுகள் ஒரு காலத்தில் இதில் ஓயாமல் சென்றன.

நாம் சொல்ல வந்தது படகுகளைப் பற்றியன்று; படகுகளைத் தின்னும் ஓர் உயிரைப் பற்றி.

கழியோரத்தில் கரை ஒதுங்கிக் கிடக்கும் பழங்கட்டை ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெளியே குண்டூசி குத்தியது போன்ற சில துளைகள் மட்டுமே தெரியும். இரண்டாகப் பிளந்தாலோ உள்ளே தேனடையைப் போல நூறு குழல்கள்! ஒவ்வொன்றின் சுவரிலும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசப்பட்டிருக்கும். ஒரு குழல் மற்றொன்றின் அருகே வந்தால் வளைந்து விலகிச் செல்லுமேயன்றி அதனுள் நுழையாது. கூடி வாழும் வீடுகளில் இவ்வளவு ஒழுங்கு இருப்பின் எத்தனை வழக்குகள் குறையும்!

இக்குழல்களைக் குடைவதைக் கப்பல் புழு என்பர். உண்மையில் அது புழுவே அன்று. மட்டியும் ஆளியும் எக்குலமோ அக்குலத்துச் சிப்பி அது. உடல் புழுப்போல் நீண்டுவிட்டது. இரு ஓடுகளும் சிறுத்துத் தலைப்பக்கம் ஒதுங்கி, மரத்தைச் சீவும் அரமாகிவிட்டன. வால்பக்கத்துக் குழாய்கள் இரண்டும் ஊசித்துளை வழியே நீரில் நீண்டு மூச்சுவிடும். ஆபத்து வந்தால் இரு சிறு தகடுகளால் அத்துளையை அடைத்துக்கொண்டு உள்ளே பத்திரமாய் இருக்கும். வெப்பக் கடல்களில் சில மாதங்களுக்குள் ஒரு சாணுக்கும் மேல் வளர்வன உண்டு. இந்தியக் கடற்கரைகளின் இவ்வுயிர்களை ஆராய்ந்த அறிஞர் என்.பாலகிருஷ்ணன் நாயர், எம்.சரசுவதியுடன் இணைந்து 1971-இல் வெளியிட்ட விரிவான ஆய்வுரை இத்துறையினர் நன்கறிந்தது.

கொலம்பசு தம் நான்காம் பயணத்தில், இப்புழு அரித்த கப்பல்களை 1503-இல் ஜமைக்காக் கரையில் ஏற்றிவிட்டு ஓராண்டு தவித்துக் கிடந்தார். 1731-இல் ஒல்லாந்தியரின் கடற்கரை அணைகளைக் காத்துநின்ற மரங்களை இது தின்று தீர்த்தது, நாடே நடுங்கிற்று. இதன் வேலைத்திறனைக் கண்ட புரூனல் என்னும் பொறியாளர், தேம்சு ஆற்றின் அடியில் சுரங்கம் குடையும் கருவியை வகுத்தார் என்பதும் சுவையான செய்தி.

ஆனால் வெறும் மரத்தைத் தின்று ஓர் உயிர் எங்ஙனம் வாழும்? மரத்தின் நாரைச் செரிக்கும் திறன் பெரும்பாலான விலங்குகளுக்கு இல்லை. புல் தின்னும் பசுவுக்கும் அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே சமையற்காரர்கள். மேலும், மரத்தில் புரதம் ஆக்கத் தேவையான நைட்ரசன் மிகக் குறைவு. சோறு மட்டும் உண்டு, பருப்பே காணாத பிள்ளையின் நிலைதான் அதற்கு.

விடை 1983-இல் கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் கப்பல் புழுவின் உடலிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தனர். அது மரநாரையும் கரைத்தது. கூடவே நைட்ரசனையும் பிடித்துச் சேர்த்தது! நெல் அறுத்த வயலில் உளுந்து விதைக்கும் நம் உழவர்களுக்கு இரண்டாவது வேலை புதிதன்று. உளுந்தின் வேர்முண்டுகளில் வாழும் பாக்டீரியாவும் அதையே செய்கின்றது. கப்பல் புழுக்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ரூத் டர்னர் அம்மையாரின் நினைவாக 2002-இல் அதற்கு டெரிடினிபாக்டர் டர்னரே என்று பெயரிட்டனர்.

வியப்பு இத்துடன் நிற்கவில்லை. பசுவின் நுண்ணுயிர்கள் இரைப்பையிலேயே உள்ளன. கப்பல் புழுவின் பாக்டீரியாவோ செவுளில் குடியிருக்கின்றது. அங்கே அது ஆக்கும் செரிமானப் பொருள்கள், தொலைவிலுள்ள குடலுக்குப் போய்ச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை 2014-இல் கண்டனர். அடுக்களை ஓரிடம், பந்தி ஓரிடம்! மரம் நிறைந்த அக்குடலில் மற்ற நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. இப்பாக்டீரியா டார்ட்ரோலான் என்னும் கிருமிக்கொல்லியைச் சுரப்பது 2013-இல் அறியப்பட்டது. அதனால் மருந்து தேடுவோரின் பார்வையும் இதன்மேல் விழுந்துள்ளது.

மற்றொரு கிளையையும் கூறவேண்டும். பிலிப்பைன்சு நாட்டின் மிந்தனாவோத் தீவில், நாறும் கருஞ்சேற்றில் வாழும் மாபெரும் கப்பல் புழுவை 2017-இல் ஆய்வாளர்கள் உயிருடன் எடுத்து ஆராய்ந்தனர். அது மரம் தின்பதில்லை. சேற்றின் அழுகிய முட்டை நாற்றத்திற்குக் காரணமான கந்தக வாயுவைக் கொண்டே அதன் செவுள் பாக்டீரியா உணவு ஆக்கித் தருகின்றது. முட்டுக்காட்டுச் சேற்றில் கால் வைத்தவுடன் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாம், அந்நாற்றமே ஓர் உயிருக்குச் சோறு என்று எண்ணிப் பார்க்கின்றோமா? அந்நாட்டுப் பலவான் தீவினர் கப்பல் புழுவைக் காடியில் ஊறவைத்து விரும்பி உண்பராம். நம்மவர்க்கு அத்துணிவு வரும் என்று தோன்றவில்லை.

கோவளத்துக் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இதைப் பேசினோம். "உளுத்துப்போறது எங்களுக்குத் தெரியாதா சாமி? மரத்தைத் தண்ணியிலயே போட்டு வைக்கக் கூடாது. கரையேத்திக் கட்டைப் பிரிச்சுக் காயப் போட்டுடணும்" என்றார். ஆய்வுக்கூடம் காணாத அறிவு அது! நீந்திவந்து மரத்தில் ஒட்டும் இளம் புழு, ஊசிமுனையளவே துளைத்திருக்கும் நேரத்தில் வெயிலில் காய்ந்து மடிகின்றது. நாள்தோறும் கட்டி நாள்தோறும் பிரிக்கும் கட்டுமரத்தின் அமைப்பே அதற்குக் காப்பாயிற்று. கால்வாயிலும் துறையிலும் நீரிலேயே கிடக்கும் படகுகளுக்கு அப்பேறு இல்லை. தாரும் செப்புத்தகடும் தேவைப்பட்டன. கடன் வாங்கிக் கட்டிய படகு உளுத்துப்போன குடும்பத்தின் துயரை, கடற்கரைப் பங்குகளை அறிந்தோர் அறிவர். ஆனால் தீர்வுக்கும் விலை உண்டு. கப்பல்களின் அடியில் பூசப்பட்ட வெள்ளீய நஞ்சு சிப்பிகளையும் நத்தைகளையும் கெடுத்ததனால், 2008-இல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கை அதனைத் தடை செய்தது. மீனவன் படகும் பிழைக்கவேண்டும். அவன் மீன் பிடிக்கும் நீரும் பிழைக்கவேண்டும்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகளே கரையெங்கும் பெருகிவிட்டன. கட்டுமரங்கள் அருகிவிட்டன. கண்ணாடியிழையைக் கப்பல் புழு தின்பதில்லை. அதற்கு இன்று எஞ்சியவை மழைவெள்ளம் கழிக்கும் கடலுக்கும் அடித்துவரும் மரங்களும், அலையாத்திக் காடுகளில் விழும் மரங்களுமே. கரையாது கிடக்கும் அம்மரத்தை அது உடலாக மாற்றுகின்றது. அதனை மற்றவை உண்கின்றன. வெப்பக் கடல்களின் அலையாத்திகளில், அது விட்டுச்சென்ற குழல்களுக்குள் சிறு நண்டுகளும் மீன்குஞ்சுகளும் குடிபுகுகின்றன.