கேட்பவரைக் கேட்பவர்

எங்கள் பக்கத்தில் ‘சூப்பர்வைசர்’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தந்தான். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை உள்ள தொழிற்சாலைகளில் எதிலாவது நாலு நாள் வேலை பார்த்தவரைக் கேளுங்கள். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மனிதர் என்பார். ஆகவே என் அக்காள் மகள், “வியாழக்கிழமை எனக்கு சூப்பர்விஷன் இருக்கிறது, மாமா” என்று சொன்னபோது, “பாவம், உனக்குமா?” என்று அனுதாபப்பட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

அவள் மருத்துவ உளவியல் பயிலுகிறாள். நோயாளியுடன் முக்கால் மணி, ஒரு மணி நேரம் பேசுவாளாம். அவர் எழுந்து போனதும் நடந்ததை எழுதி வைப்பாளாம். அவர் சொன்னது, இவள் சொன்னது, நடுவில் விழுந்த மௌனம் எல்லாவற்றையும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியையின் எதிரே போய் உட்கார வேண்டும். அதற்குத்தான் சூப்பர்விஷன் என்று பெயர்.

“யார் அந்த நோயாளி? என்ன கதை?” என்று ஆவலாகக் கேட்டேன். கதை எழுதுகிறவன் புத்தி வேறு எப்படி இருக்கும்?

“அது உங்களுக்கு எதற்கு, மாமா? அதைச் சொல்லக் கூடாது. என் தப்பை வேண்டுமானால் சொல்கிறேன்” என்றாள். “போன வாரம் ஓர் இடத்தில் அவசரமாகப் பேச்சை மாற்றிவிட்டேன். மாற்றினேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. ஆசிரியை அந்த வரியின்மேல் விரலை வைத்து, ‘இங்கே பயந்தது யார்? அவரா, நீயா?’ என்று கேட்டார்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. வியன்னாவில் ஃபிராய்டு, குதிரையைக் கண்டு பயந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனைப் பற்றி 1909-ல் எழுதினார். பையனோடு பேசியதெல்லாம் அவன் தகப்பனார். ஃபிராய்டு அந்தச் சிகிச்சையின்போது பையனை ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். மற்றபடி தகப்பனார் கொண்டுவந்த குறிப்புகளை வைத்தே வழி சொன்னார். பெர்லினில் 1920-ல் மாக்ஸ் ஐட்டிங்கனும் அவருடைய சகாக்களும் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார்கள். பயிலுகிறவர் நோயாளியைப் பார்த்துவிட்டு மூத்தவரிடம் போய்ச் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே பயிற்சியில் ஒரு பகுதியாயிற்று. நம் நாட்டில் பெங்களூரில் 1954-ல் அகில இந்திய மனநல நிலையம் ஏற்பட்டு, அடுத்த வருஷமே உளவியலாளருக்கான படிப்பும் வந்தது. அதுதான் இன்றைய நிம்ஹான்ஸ்.

நெட்டுக்குப்பத்தில் முதல் முதலாகக் கடலுக்குப் போகும் பையனோடு அப்பனோ சித்தப்பனோ அதே படகில் இருப்பார். அலை வந்தால் இருவருக்கும் ஒரே அலை. என் மருமகளின் தொழிலிலோ மூத்தவர் பெரும்பாலும் கரையில்தான் இருக்கிறார். இளையவள்தான் கடலைச் சொற்களில் அள்ளிக்கொண்டு வந்து காட்டவேண்டும். எதைக் கொட்டிவிட்டு வந்தாள் என்று கண்டுபிடிப்பதுதான் ஆசிரியையின் வேலை.

நான் கொட்டிவிட்டு வந்த சங்கதிக்கு வருகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் வந்து கலந்தது. நெட்டுக்குப்பத்துப் படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. மீனவர்களே வாளியும் கையுமாக அதை அள்ளினார்கள். அங்கே எனக்குப் பழக்கமான ஒருவர் உண்டு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சில மாதங்கள் கழித்து ஒரு மாலை அவரோடு உட்கார்ந்திருந்தேன். வலையைப் பற்றியும் கடனைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தவர், “புயலன்னிக்கே கடல்ல போயிருந்தா நிம்மதி சார்” என்றார்.

“சேச்சே, அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணே. எல்லாம் சரியாயிடும். நிவாரணப் பணம் வந்துதா?” என்றேன்.

“வந்துது சார்” என்றார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. ஆறுதல் சொன்ன திருப்தியோடு நான் பஸ் ஏறிவிட்டேன்.

இங்கே பயந்தது யார்?

மருமகளிடம் பெயர், அடையாளம் எதுவும் சொல்லாமல் இதைச் சொன்னேன். அவள் முகம் மாறிற்று. “இது எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஆசிரியையிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்றாள். வியாழக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றிரவே டெலிபோனில் கூப்பிட்டாள்.

“நாளைக்கே போய் நேராகக் கேளுங்கள், மாமா. சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று அதே சொல்லில் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. ஆமாம் என்றால் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டாருக்குத் தெரியவேண்டும், டாக்டரிடம் போகவேண்டும். எந்த நேரமும் பேச 14416 என்று அரசாங்க எண் இருக்கிறது. இவ்வளவுதான். வைத்தியம் செய்யப் புறப்பட்டுவிடாதீர்கள்!”

மறுநாள் காலை போனேன். வலை தைத்துக்கொண்டிருந்தார். நாக்கு உலர்ந்துவிட்டது. இருபது வருஷமாக எத்தனையோ கதாபாத்திரங்களைச் சாகடித்திருக்கிறேன்; உயிரோடு இருக்கும் ஒரு மனிதரிடம் அந்தச் சொல்லை உச்சரிக்க என்னால் முடியவில்லை. எப்படியோ கேட்டுவிட்டேன்.

ஊசி நின்றது. முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தோணுது சார். ராத்திரியில தோணுது” என்றார். பிறகு, “இத்த யாரும் கேக்கல” என்றார்.

அன்று மத்தியானம் அவர் மனைவியும் நானும் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இப்போது மாத்திரையும் சாப்பிடுகிறார், கடலுக்கும் போகிறார். கடன் அப்படியேதான் இருக்கிறது.

பெரிய காரியம் செய்துவிட்ட பெருமையில் மருமகளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“‘தோணுது’ என்று அவர் சொன்னதும் நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.”

“எவ்வளவு நேரம்?”

“தெரியவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும்.”

“பயமாக இருந்ததா?”

“ரொம்ப.”

“சரி” என்றாள். எத்தனையோ பேர் என் எழுத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள். அந்த ஒரு ‘சரி’க்கு நான் அவ்வளவு ஆசையோடு காத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.