வாவிக்கரையில் ஓர் இரவு

பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து மீன்பாட்டைக் கேட்பது மட்டக்களப்பார் வழக்கம். சென்ற மாதம் அவ்வாவிக்கரையில் நான் கேட்டதோ வேறோர் ஒலி.

பழைய மாணவர் ஒருவரின் இல்லத்தில் இராத் தங்கினேன். நிறை குறைந்து பிறந்த அவருடைய மகள், மருத்துவமாதின் சொற்படி மல்லாந்து உறங்கினாள். கையில் ஒரு துணிக்காப்பு. பெங்களூரில் உருவான ‘பெம்பு’ காப்பைப் பின்பற்றித் தந்தையே அமைத்தது. உடல்வெப்பம் இயல்பாயின் நீலவொளி மின்னும், 36.5 பாகைக்குக் கீழிறங்கினால் செம்மஞ்சள் ஒளியுடன் ஒலிக்கும்.

நள்ளிரவில் ஒலித்தது. பட்டி நழுவியிருந்தது, குழந்தைக்குக் குறையில்லை. வாடைக்காற்று வீசிய பின்னிரவில் மீண்டும் ஒலிக்கவே, சலித்த தந்தை அதனை நிறுத்தக் கைநீட்டினார்.

“நிறுத்தாதீங்க மருமகன், முதலில் பிள்ளையின் காலைத் தொட்டுப் பாருங்க” என்றார் அம்மம்மா.

பாதங்கள் சில்லிட்டிருந்தன! உடனே குழந்தையைத் தாயின் வெறுமார்பில் அணைத்துப் போர்த்தினர். 1978இல் கொலம்பிய நாட்டுப் பொகோட்டா நகர மருத்துவர் கைக்கொண்ட ‘கங்காரு’ முறையும் இதுவே. சிறிது நேரத்தில் நீலவொளி மின்னிற்று. விடிந்ததும் வைத்தியசாலையில் காட்டி வந்தனர்.

நலமுள்ள குழந்தைக்கு இத்தகைய கருவியை நம்பியிருத்தல் ஆகாது என்பர் மருத்துவர். துடுப்பு பாடுவதில்லை, கேட்கும் செவிக்கு அது துணை. காப்பும் அத்தகையதே.