இரண்டாவது ஆள் வரும்வரை

அவுஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களில் கஷுவலாக வேலை செய்யும் எங்களில் பலருக்கு நிர்வாகத்தின் முகமே தெரியாது. விடிய ஐந்தரைக்குக் கைபேசியில் ஒரு செய்தி வரும்: “ஏழு மணி ஷிஃப்ட், ஒராள் குறைவு, வருவீங்களா?” அவ்வளவுதான் உறவு. மணித்தியாலச் சம்பளத்தில் 25 வீதம் கூடுதலாகக் கிடைக்கும். அதற்குப் பதிலாகச் சம்பளத்தோடு சுகவீன விடுப்பு இல்லை, வருடாந்த விடுப்பு இல்லை, அடுத்த கிழமை வேலை இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. முதல் இரண்டையும் எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். ஆளை வாய்மூட வைப்பது மூன்றாவதுதான். குறை சொன்னவரை யாரும் வேலையால் நிற்பாட்டத் தேவையில்லை. செய்தி வராமல் போனாலே போதும்.

மேற்கு சிட்னியில் பல இல்லங்களில் இந்த வேலையைச் செய்துவருகிறேன். நல்ல நிர்வாகமும் கண்டிருக்கிறேன், மோசமானதும் கண்டிருக்கிறேன். மோசமான நிர்வாகத்தைச் சமாளிக்கத் தனியாக ஒரு சாமர்த்தியம் வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பராமரிப்பு வேலையை முறையாகச் செய்யத் தெரிந்தால் நிர்வாகத்தோடு பேசவேண்டிய பேச்சும் அதிலிருந்தே வரும். பேச்சு கட்டிலில் கிடப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். “எனக்கு வேலை கூடிப்போச்சு” என்று தொடங்கினால் மனேஜர் கேட்டுவிட்டு மறந்துவிடுவார். “அந்த ஐயாவுக்கு இன்று இது நடக்கலாம்” என்று தொடங்கினால் மறப்பது கஷ்டம். மறந்தால் பொறுப்பு அவருடையதாகிறது.

முதற் கால்மணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நிர்வாகம் சரியில்லாத இடத்தில் முதலில் காணாமற் போவது ஷிஃப்ட் மாறும்போது விபரம் சொல்லும் ஹாண்டோவர்தான். இரவு ஷிஃப்ட்காரர் போயிருப்பார், மேசையில் போன கிழமைத் தாள் கிடக்கும், “நீங்கள் தொடங்குங்கோ, போகப்போகத் தெரியும்” என்பார்கள். போகப்போகத் தெரியவருவதற்குள் ஆபத்து நடந்துவிடும். பக்கவாதத்துக்குப் பிறகோ, மறதிநோய் முற்றிய பிறகோ விழுங்கும் தசைகள் தளர்ந்தவருக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கும். அவருக்குத் தடிப்பாக்கிய பானம்தான் கொடுக்க வேண்டும். அன்பாகக் கொடுத்த ஒரு கோப்பைத் தேநீர் அவரை நியூமோனியாவில் கிடத்திவிடும். ஆகவே யார் யாருக்குத் தடிப்பான பானம், யாரைத் தூக்க இருவர் வேண்டும், இந்தக் கிழமை யார் விழுந்தார், யாருடைய தோல் கடதாசிபோல் கிழியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் எந்த அறைக்குள்ளும் போவதில்லை. கேட்க ஆளில்லை என்ற சாட்டும் இப்போது செல்லாது. 2023 ஜூலை முதல் இல்லங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் பதிவுபெற்ற தாதி ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவரைத் தேடிப் போய்க் கேட்பேன். சிலருக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

அடுத்தது லிஃப்டர். ஸ்லிங்கில் இருத்தி ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது இருவர் செய்யும் வேலை. ஒருவர் பொத்தானை அழுத்தி உயர்த்துவார். மற்றவர் முழங்காலும் தலையும் எங்கும் இடிபடாமல் பார்ப்பார். வார்கள் இரு பக்கமும் ஒரே நிற வளையத்தில் கொளுவியிருக்கிறதா என்று இருவரும் பார்க்க வேண்டும். மறதிநோய் உள்ளவர் அந்தரத்தில் தொங்கும்போது பயந்துபோய்க் கம்பியை எட்டிப் பிடிப்பார், உடம்பைத் திருப்புவார். அந்த நேரம் கையைப் பிடித்து, கண்ணைப் பார்த்துக் கதைக்க ஒராள் வேண்டும். ஆள் குறைந்த ஒரு காலையில் ஓர் ஐயாவை நாற்காலிக்கு மாற்றவேண்டியிருந்தது. பொறுப்பாளர், “எல்லாரும் தனியாகத்தான் செய்கிறார்கள், நீங்களும் செய்துவிடுங்கள்” என்றார். நான் அவரோடு வாதாடவில்லை. இரண்டாவது ஆள் வரும்வரை ஐயாவைக் கட்டிலிலேயே கழுவிச் சாப்பாடு கொடுக்கிறேன், அப்படியே எழுதியும் வைக்கிறேன் என்றேன். எழுதினேன்:

“காலை 8.10. நாற்காலிக்கு மாற்ற இருவர் தேவை. இரண்டாவது ஆள் இல்லை. பொறுப்புத் தாதிக்கு அறிவித்தேன். கட்டிலிலேயே கழுவினேன். தலைப்பக்கத்தை நிமிர்த்திக் காலைச்சாப்பாடு கொடுத்தேன், பாதி சாப்பிட்டார். இடது குதிக்காலில் சிவப்பு, அழுத்தினால் வெளுக்கவில்லை, தாதிக்குக் காட்டினேன். 9.40க்கு இருவராக நாற்காலிக்கு மாற்றினோம்.”

இதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஒரு பெருமூச்சுக்கூட இல்லை. ஆனால் விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பு படுக்கைப்புண்ணின் முதற்படி என்பது வாசிக்கிற தாதிக்குத் தெரியும். ஐயா ஒன்றரை மணி நேரம் ஏன் கட்டிலிலேயே கிடந்தார் என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தக் குறிப்பை மருத்துவர் பார்ப்பார். முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் தர ஆணையத்திலிருந்து வருபவர்களும் பார்க்கலாம். நடைபாதையில் சொன்ன சொல்லை இல்லையென்று சொல்லிவிடலாம். நேரம் போட்டு எழுதியதை அப்படிச் சொல்ல முடியாது. வீட்டில் எனக்கென்று ஒரு கொப்பியும் வைத்திருக்கிறேன். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், யாருக்கு என்ன அறிவித்தேன் என்பது மட்டும் அதில் இருக்கும். அங்கே வாழ்பவரின் பெயரோ படமோ அதில் வராது. சாட்சிக்கு என்று கைபேசியில் படமெடுக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அது அந்த முதியவரின் அந்தரங்கத்தை மீறுவது. செய்யவே கூடாது.

இந்த நாட்டில் இதெல்லாம் தெரியாத விஷயமல்ல. முதியோர் பராமரிப்பு பற்றி 2018இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு அடுத்த வருடம் வெளியிட்ட இடைக்கால அறிக்கைக்குப் ‘புறக்கணிப்பு’ என்றே பெயர் வைத்தது. 2021 மார்ச்சில் வெளியான இறுதி அறிக்கையில் 148 பரிந்துரைகள் இருந்தன. அதன் பிறகுதான் பராமரிப்பு நிமிடங்கள் சட்டமாயின: 2023 ஒக்டோபரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200, மறுவருட ஒக்டோபரில் 215, அதில் 44 நிமிடங்கள் பதிவுபெற்ற தாதியுடையவை. நல்ல மாற்றம்தான், மனதார வரவேற்கிறேன். ஆனால் அது இல்லம் முழுவதற்குமான சராசரி. ஒரு காலையில் ஒரு பகுதியில் ஆளில்லாமல் போனதைச் சராசரி காட்டாது. அந்தக் காலையைக் காட்டக்கூடியது அன்றைய குறிப்பு ஒன்றுதான்.

ரோஸ்டர் போடும் மனேஜரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலிருந்து செலவுக் கணக்கு, கீழிருந்து “இன்று சுகமில்லை” என்ற அழைப்புகள். அவரும் இடையில் அகப்பட்டவர்தான். அதனால் அவரிடம் போகும்போது செய்யக்கூடிய ஒன்றைக் கையில் கொண்டுபோவேன். ஓரிடத்தில் எங்கள் ஊர் அம்மா ஒருவர் இருந்தார். மறதிநோயில் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவது உண்டு. அவரிடம் ஆங்கிலம் முற்றாகப் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. “பிள்ளை, சலம் போகவேணும்” என்று கேட்டுப் பார்ப்பார், யாருக்கும் விளங்காது, தானே எழும்புவார், தடுமாறுவார். குறிப்பில் ‘பதற்றமாக இருக்கிறார்’ என்று மட்டும் எழுதியிருந்தது. என்னையோ ஒவ்வொரு நாளும் வேறு வேறு பகுதிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மனேஜருக்கு எழுதினேன்: அம்மா எழும்புவது கழிப்பறைக்கு, கேட்பது விளங்காததால்தான் விழப்பார்க்கிறார், நான் வரும் நாட்களில் என்னை அங்கே போடுங்கள், மற்ற நாட்களுக்குத் தண்ணி, சலம், நோகுது, குளிருது என்ற சொற்களை ஆங்கில எழுத்தில் அட்டையாக எழுதிக் கட்டிலருகில் ஒட்டித் தருகிறேன். இரண்டுக்கும் சம்மதித்தார். பிலிப்பைன்ஸ்காரப் பிள்ளையொருத்தி “நோகுதா அம்மா?” என்று குனிந்து கேட்கக் கேட்டேன். இந்த வேலையில் நான் கண்ட பெரிய சந்தோஷங்களில் அது ஒன்று.

எல்லா மனேஜரும் சம்மதிப்பதில்லை; கேட்டவருக்கு ஷிஃப்டைக் குறைப்பவர்களும் உண்டு. மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது கூடுதலாக உறைக்கும். படிப்புக் காலத்தில் இரு கிழமைக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அதிலும் ஷிஃப்ட் குறைந்தால் வாடகை கட்ட முடியாது. அவர்களுக்கு நான் சொல்வது: விசா எதுவானாலும் வேலையிட உரிமை குறையாது. உரிமையைக் கேட்டதற்காக வேலையால் நிறுத்துவது சட்டவிரோதம். நிறுத்தினால் 21 நாட்களுக்குள் ஃபெயார் வேர்க் கமிஷனுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இந்தக் கெடுவைத் தவறவிட்டால் சிக்கல். 2024 ஓகஸ்ட்டில் வந்த மாற்றத்தின்படி ஆறு மாதம் வேலை செய்து, உங்கள் வேலை இனிமேலும் கஷுவல் வேலைபோல் நடக்கவில்லை என்று நினைத்தால் நிரந்தரமாக்கும்படி எழுத்தில் கேட்கலாம். சிறிய நிறுவனமானால் பன்னிரண்டு மாதம். முதலாளி 21 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். தொழிற்சங்கத்தில் சேருங்கள். 2023 நடுப்பகுதியில் எங்களுக்குக் கிடைத்த 15 வீதச் சம்பள உயர்வு சங்கங்கள் வழக்காடி வாங்கித் தந்தது. முதியவருக்குத் தீங்கு நடக்கிறது, உள்ளே சொல்லியும் கேட்கிறார்களில்லை என்றால், முதியோர் பராமரிப்புத் தர ஆணையத்துக்குப் பெயர் சொல்லாமலே முறைப்பாடு செய்யலாம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அப்படி வெளிப்படுத்துபவருக்குப் பாதுகாப்பும் தருகிறது.

இவ்வளவும் செய்தும் மாறாத இடங்கள் உண்டு. அங்கிருந்து வரும் செய்திக்கு இப்போது “வர இயலாது” என்று பதில் போடுகிறேன். வேலை நிச்சயமில்லாத எங்களுக்கு, இல்லையென்று சொல்லும் சுதந்திரமாவது இருக்கிறது. பரமற்றா பக்கம் ஓர் இல்லத்தில் பொறுப்புத் தாதி எவ்வளவு அவசரமான காலையிலும் எங்களை நிறுத்தி, ஒவ்வொரு அறையாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவார். இருவர் வேண்டிய இடத்தில் ஆளில்லாவிட்டால் தானே கையுறையை மாட்டிக்கொண்டு வருவார். அங்கேயும் ஆள் குறைவுதான். அவர் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமையானாலும் போகிறேன்.