பின்கட்டு வரை செல்லும் அலை

எங்கள் பக்கத்து ஊர்களில் பேரனுக்குப் பாட்டனின் பெயரை வைப்பது வழக்கம். ஒரே கூரையின்கீழ் இரண்டு முனுசாமிகள் இருந்தால் ஒருவர் பெரிய முனுசாமி, மற்றவர் சின்ன முனுசாமி. அழைப்பவருக்கும் குழப்பமில்லை, திரும்பிப் பார்ப்பவருக்கும் குழப்பமில்லை. தொல்காப்பியர் திரிசொல்லை இரு வகையாகப் பிரித்தபோது, ஒரு பொருளுக்குப் பல சொற்கள் அமைவதை ஒரு வகையாகவும், பல பொருள்களுக்கு ஒரே சொல் அமைவதை மற்றொரு வகையாகவும் வைத்தார். இரண்டாம் வகை புலவர்களுக்குக் கொடை. காளமேகம் சிலேடையால் பெற்ற புகழ் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் வீட்டுக் கம்பியில்லா இணையத்துக்குச் சிலேடை ஒத்துவருவதில்லை என்பதைச் சேத்துப்பட்டு வீட்டில் கண்டேன்.

சென்னையில் உள்ள சேத்துப்பட்டு அல்ல இது. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்குத் தெற்கே, லூர்து அன்னை ஆலயத்தால் வெளியூராருக்கும் அறிமுகமான ஊர். அங்கே எங்கள் பழைய வீட்டின் பின்கட்டில் அப்பாவின் குழித்தறி இருக்கிறது. எழுபதைக் கடந்த பின்னும் அவர் ஆரணிப் பட்டு நெய்கிறார். அம்மா தார் சுற்றித் தருகிறார். நான் வேலூரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன்.

சிக்கல் விளக்கைப் பற்றியது. பொழுது சாய்ந்து இருள் கண்ணை மறைக்கும்வரை அப்பா விளக்கைப் போடமாட்டார். குழியில் இருந்தபடியே எட்டும் தொலைவில் பொத்தான் உண்டு. ஆனாலும் போடமாட்டார். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 அலகு இலவச மின்சாரம் 2006-இல் வந்தது. 2016-இல் அது 200 ஆயிற்று. 2023-இல் 300 ஆயிற்று. ஒன்பது வாட் விளக்கு நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒன்றரை அலகைத் தொடாது. இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்த்தாயிற்று. சிக்கனம் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. கண்புரை அறுவை செய்த கண்ணுக்கு மங்கிய ஒளியில் அரக்கும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். ஊடையில் ஓர் இழை மாறினால் புடவையின் விலை குறையும். அதைவிட, அவர் மனம் இறங்கிப்போகும். ஆகவே மாலை ஐந்தே கால் மணிக்கு விளக்கு தானாக எரிய வேண்டும் என்று முடிவு செய்து, ஸ்மார்ட் பிளக் ஒன்றை வாங்கிச் சென்றேன்.

பிளக்கைச் செருகினேன். சிறு விளக்கு படபடவென்று கண் சிமிட்டியது. கைப்பேசிச் செயலியில் வை-ஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். செயலி தேடித் தேடிக் கடைசியில் கை விரித்தது. கடவுச்சொல் சரி, இணையமும் சரி. கோளாறு பெயரில் இருந்தது.

இன்றைய ரௌட்டர்களில் பெரும்பாலானவை இரண்டு அலைக்கற்றைகளில் இயங்குபவை: ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். முன்னதன் அலைநீளம் ஏறக்குறைய அரைச் சாண். பின்னதன் அலைநீளம் கால் சாண். கால் சாண் அலை வேகமாகச் செய்தி சுமக்கும்; ஆனால் சுவர்களைக் கடக்கும்போது மிகவும் தளர்ந்துவிடும். அரைச் சாண் அலை மெதுவானது. சுவர்களைத் தாண்டி இன்னும் சற்றுத் தொலைவு போகும். ரௌட்டர் செய்பவர்கள் நம் வசதிக்காக இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். கைப்பேசி எதில் சேர்வது என்பதைக் கைப்பேசியும் ரௌட்டரும் தங்களுக்குள் தீர்மானித்துக் கொள்கின்றன. பெரிய முனுசாமியா, சின்ன முனுசாமியா என்று நமக்குத் தெரிவதில்லை.

பிளக்கோ 2.4-ஐ மட்டுமே அறியும். பல ஸ்மார்ட் பிளக்குகளில் இருப்பது, ஷாங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட சில்லைப் போன்ற மலிவான சில்லு. 5 கிகாஹெர்ட்ஸுக்கு அதில் காது இல்லை. விளக்கை ஏற்று, அணை என்ற இரண்டு சொற்களைக் கேட்க அதிவேகமும் தேவையில்லை.

இந்த 2.4 எப்படி எல்லார்க்கும் பொதுவாயிற்று என்பது தனிக்கதை. 1947-இல் அட்லாண்டிக் சிட்டி நகரில் கூடிய அனைத்துலக மாநாடு, தொழிலுக்கும் அறிவியலுக்கும் மருத்துவத்துக்கும் என்று சில அலைக்கற்றைகளை ஒதுக்கியது. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் வை-ஃபையும் இன்று அங்கே ஒன்றாகப் புழங்குகின்றன. இந்தியாவில் 2005 சனவரியில் வந்த அறிவிக்கை, உரிமம் பெறாமலே இதைப் பயன்படுத்த வழிவிட்டது. நம் ஊர் வழக்கில் சொன்னால் இது வானத்துப் புறம்போக்கு. ஊரார் மாடெல்லாம் மேயும், நெரிசலும் உண்டு. ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் மூன்றுதான். ஆனால் பட்டா இல்லாதவனுக்கு அதுதான் இடம்.

பிளக் கடவுச்சொல்லைக் கற்றுக்கொள்ளும் முறைகளுள் ஒன்று தமிழாசிரியனுக்கு மிகவும் பிடிக்கக்கூடியது. அப்போது பிளக் எந்த வலையிலும் சேராதிருக்கிறது. காற்றில் செல்லும் செய்திகள் மறைமொழியில் இருப்பதால் அவற்றைப் படிக்க அதற்கு வழியில்லை. ஆனால் ஒவ்வொரு செய்திப் பொதியும் எவ்வளவு நீளம் என்று அளக்க முடியும். ஆகவே கைப்பேசி, கடவுச்சொல்லைப் பொதிகளின் நீளங்களாக மாற்றி அனுப்புகிறது. சுவருக்கு அப்பால் யாரோ பாடுகிறார்கள்; சொல் புரியவில்லை, குறிலும் நெடிலும் மட்டும் கேட்கின்றன. அந்த அளவைக் கொண்டே முழுப் பொருளையும் பிடித்துக்கொள்கிறது பிளக். மாத்திரை எண்ணத் தெரிந்த பொருள்! பாடுபவர் 5 கிகாஹெர்ட்ஸில் பாடிக்கொண்டிருந்தால், 2.4-இல் காது வைத்திருக்கும் அதற்கு அந்தப் பாட்டு எட்டாமலே போகலாம்.

தீர்வு, பெரியவர் சின்னவர் என்று அடைமொழி சேர்ப்பதுதான். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று, இரண்டு அலைக்கற்றைகளையும் ஒன்றாக்கும் வசதியை நிறுத்தி, தனித்தனிப் பெயர் வைக்க வேண்டும். அந்த வசதி இல்லாத ரௌட்டரில், இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்து வைக்கலாம். அல்லது விருந்தினர் வலை ஒன்றை 2.4-இல் மட்டும் திறந்து அதில் பிளக்கைச் சேர்க்கலாம். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால், பழைய பிளக்குக்காக டபிள்யூபிஏ2-ஐயும் அனுமதிக்க வேண்டியிருக்கும்.

பெயரைத் தமிழில் வைக்க ஆசைப்பட்டேன். வலையின் பெயருக்கு 32 பைட்டுகள் வரை இடமுண்டு. யூனிகோடில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் மூன்று பைட்டு செலவாகும். திண்ணை என்று எழுதினால் 18 பைட்டு. தறி என்றால் 9. இரண்டும் அடங்கும். ஆயினும் பிளக் போன்ற சிறு கருவிகள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்துகள் பிடிபடாமல் போகக்கூடும். ஆதலால் முன்கட்டுக்கான 5-க்குத் திண்ணை என்று தமிழிலும், பின்கட்டுக்கான 2.4-க்குத் தறி என்ற சொல்லை ஆங்கில எழுத்திலும் வைத்தேன். கைப்பேசியைத் தறியில் சேர்த்து மீண்டும் முயன்றபோது ஒரு நிமிடத்துக்குள் இணைப்பு கிடைத்தது.

வேலூருக்குத் திரும்பிய பின் ஒரு மாலை, செயலியில் பிளக் இணைப்பில் இல்லை என்று காட்டியது. ஆறு மணி. ஆறரை மணி. மனம் எங்கெங்கோ போயிற்று. அழைத்தேன். மின்தடை, ரௌட்டரும் பிளக்கும் சேர்ந்தே அணைந்திருந்தன. அப்பா மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்.

"வெளக்கு எரியுதான்னு வேலூர்ல இருந்து பாக்கறதுக்கு, நான் சாப்ட்டனான்னு ஒரு போனு பண்ணிக் கேக்கலாமேப்பா" என்றார். குரலில் குறையில்லை, கேலிதான் இருந்தது. ஆனால் செயலியைப் பற்றி இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் இன்னும் கேட்கவில்லை. அது விளக்கின் நிலையைச் சொல்லும். மனிதரின் நிலையை நாம் விளக்கிலிருந்து ஊகித்துக் கொள்கிறோம். ஊகம் கவலையாகவும் கண்காணிப்பாகவும் ஒரே நேரத்தில் வளர்கிறது.

அதன்பின் மாலை அழைப்பு வழக்கமாகிவிட்டது. ஐந்தே காலுக்கு விளக்கு எரிகிறது. இருட்டில் நெய்வது நின்றது. ஏற்றும் நேரத்தை மட்டுமே செயலியில் வைத்திருக்கிறேன், அணைக்கும் நேரத்தை வைக்கவில்லை. பிளக்கின் பக்கவாட்டில் ஒரு சிறு பொத்தான் உண்டு. இணையம் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். தறியை விட்டு எப்போது எழுவது என்பதை அப்பாதான் முடிவு செய்ய வேண்டும்.