கெலிசாவின் வாயைத் திறப்பவர்கள்

கெலிசா எனப்படும் அரவானா மீனில் ஆண் எது, பெண் எது என்று பார்த்துச் சொல்வது பெரும்பாடு. ஆணுக்கு வாய் கொஞ்சம் அகலம், தாடை கொஞ்சம் ஆழம் என்பார்கள். அதை நம்பி ஜோடி சேர்க்கப் போனால் ஏமாற வேண்டியதுதான். அதனால் பண்ணைகளில் வளர்ந்த மீன்களை மண்குளத்தில் கூட்டமாக விட்டுவிடுகிறார்கள். ஜோடியை அவையே பார்த்துக்கொள்ளும். பெண் இட்ட முட்டைகளை ஆண் வாயில் அள்ளிக்கொள்கிறது. குஞ்சுகள் வெளியே வரும்வரை அதற்குப் பட்டினிதான். தொண்டை புடைத்து ஒதுங்கித் திரியும் அந்தத் தகப்பன் மீனைக் கண்டுபிடிப்பதில்தான் பண்ணை வேலையின் சூட்சுமம் இருக்கிறது.

அதைப் பார்க்கத்தான் பத்து பகாட் பக்கம் போனேன். மலேசியாவில் அலங்கார மீன் வளர்ப்பில் முன்னால் நிற்கும் மாநிலம் ஜொகூர். அதிலும் கெலிசா என்றால் பத்து பகாட்தான். அரவானா வளர்த்தே பங்குச் சந்தை வரை போன சியான் லெங் நிறுவனம் இந்த ஊரில் தொடங்கியது. நான் போனது ஒரு சின்னப் பண்ணை. சுற்றிலும் செம்பனை, நடுவில் தேத்தண்ணி நிறத்தில் குளங்கள். முள்கம்பி வேலி, கேமரா, நாய்கள். வங்கியில்கூட இவ்வளவு காவலை நான் கண்டதில்லை.

என்னை உள்ளே கூட்டிப்போன அண்ணனுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவர். சிறுவயதில் கால்வாயில் சண்டை மீன் பிடித்துப் போத்தலில் வளர்த்த பழக்கம், பால் வெட்டும் வேலை போன பிறகு சோறு போடும் தொழிலாகிவிட்டது. கூட வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டு பேருக்கும் அவர்தான் வாத்தியார்.

மார்பளவு தண்ணீரில் மூவரும் வலையை மெதுவாக இழுத்து வந்தார்கள். அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். மிரண்ட ஆண் மீன் வாயிலிருப்பதைத் துப்பிவிடும், இல்லையென்றால் விழுங்கிவிடும். வலை சுருங்கியதும் அண்ணன் கையை விட்டு ஒவ்வொரு மீனின் தொண்டையையும் தடவிப் பார்த்தார். நாலாவதோ ஐந்தாவதோ மீனில் கை நின்றது. "இவன்தான்."

ஈரத்துணியில் சுற்றி, தலையை ஒரு பிளாஸ்டிக் பேசினுக்கு மேல் சாய்த்து, கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் லேசாக இறக்கினார். முதலில் ஒன்றும் வரவில்லை. மீனை ஒருமுறை அசைத்ததும் ஆரஞ்சு நிறப் பைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒவ்வொரு பையும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். அதன் மேல் ஒட்டவைத்தது மாதிரி இரண்டு கண்ணும் துடிக்கும் ஒரு வாலும். மஞ்சள் கருவைச் சுமந்துகொண்டு நீந்தத் தெரியாமல் அடியில் கிடந்தன. முப்பதைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் மீனைத் தண்ணீரில் விட்டான். வாய் காலியானது தெரியாமல் அது கொஞ்ச நேரம் தாடையை இறுக மூடியபடியே நின்றது.

இப்படி முன்கூட்டியே எடுப்பது பாவமில்லையா என்று கேட்டேன். "குளத்துல விட்டா பாதி தப்பாது தம்பி. இவனும் சீக்கிரம் சாப்பிட்டுத் தேறி, அடுத்த ஈட்டுக்கு ரெடியாவான்" என்றார். இரக்கமும் கணக்கும் சேர்ந்த பதில்.

குஞ்சுகள் போவது கண்ணாடித் தொட்டிக்கு. கரு வற்றச் சில வாரம். பிறகு புழு, சின்ன இறால். விரல் நீளத்தைத் தாண்டி வளர்ந்ததும் முதுகுச் சதையில் ஒரு சிப்பை ஏற்றுவார்கள். அதன் எண்ணும் சான்றிதழும் இல்லாமல் மீன் நாட்டைத் தாண்ட முடியாது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 1975இல் நடப்புக்கு வந்தபோதே கெலிசாவுக்கு முதல் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. பதிவு பெற்ற பண்ணைகளில் இரண்டாம் தலைமுறையாகப் பிறந்தவற்றை மட்டுமே வெளிநாட்டுக்கு விற்கலாம். அமெரிக்காவுக்குள் அதுவும் செல்லாது.

இவ்வளவு கட்டுக்காவலுக்கும் காரணம் செதில்தான். பெரிய செதில்களும் தாடையில் இரண்டு மீசையும் இருப்பதால் சீனர்களுக்கு இது டிராகன். கடைக்கும் வீட்டுக்கும் அதிர்ஷ்டம். பேராக் மாநிலத்து புக்கிட் மேரா ஏரியிலிருந்து வந்த இனத்தில் தங்க நிறம் வயிற்றிலிருந்து வரிசை வரிசையாக ஏறி முதுகையே தாண்டிவிடும். சுமத்ராவின் சிவப்புவால் இனத்தில் அது முதுகுக்குக் கீழேயே நின்றுவிடும். அந்த ஓரிரு வரிசைச் செதிலுக்குத்தான் விலை எகிறுகிறது. மனிதன் ஆசைப்பட்டதால் ஆற்றில் அருகிப்போன மீன், அதே ஆசையால் குளத்தில் பெருகுகிறது. காட்டு மீனுக்கு இதில் நன்மை கிடைத்ததா என்று கேட்டால் எனக்கு நம்பிக்கையில்லை.

அதிர்ஷ்டம் ஒட்டாத மீனின் கதியைப் பார்க்க இங்கிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். ஆயர் ஹீத்தாம் பக்கத்துச் சதுப்புக் காட்டில் 'பெட்டா பெர்செஃபோனி' என்றொரு சண்டை மீன் உண்டு. கறுத்த உடல், நீலம் மின்னும் துடுப்பு, விரல் நீளம்கூட வராது. 1986இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. அதன் கரிசேற்று நிலம் வடிக்கப்பட்டுச் செம்பனையாகிக்கொண்டே போகிறது. அதற்கு வேலியுமில்லை, சிப்புமில்லை. இதைச் சொன்னதும் அண்ணனின் முகம் மாறியது. "கறுப்பு மீனா? சின்ன வயசுல பார்த்த மாதிரி இருக்கு. அப்ப அதெல்லாம் யாரு கண்டா" என்றார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கார் நிறுத்தும் இடம் முழுக்கத் தொட்டிகள். எல்லாம் கப்பியும் சண்டை மீனும்தான்; ஒரு கெலிசா இல்லை. ஏன் என்று கேட்டேன். அவர் மனைவி காப்பி வைத்தபடி முந்திக்கொண்டார்.

"அத வச்சா இத்தனையும் ஒரே ராத்திரியில தின்னுப்புடும். அப்புறம் இந்த மனுஷனுக்கு வீட்டுல என்ன வேல?"