வாடகை குறைந்தது, தூரம் கூடியது

வாடகை ஏறினால் குடும்பங்கள் வீடு மாறுவது நமக்குப் பழகிய விஷயம். ஒரு சபையே மூட்டை கட்டிக்கொண்டு ஊர் மாறுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது எங்கள் சபையில்தான்.

கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் பத்து ஆண்டுகளுக்கு மேல் கூடி வந்தோம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வாடகை ஏறியது, காணிக்கை ஏறவில்லை. சிறுபான்மைக்குள் சிறுபான்மை நாங்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்துவர்கள் சுமார் 6 விழுக்காடுதான். எங்களைப் போன்ற சிறிய தமிழ்ச் சபைக்குச் சொந்த நிலம் எட்டாக்கனி. ஷா ஆலமில் உள்ள பெரிய கத்தோலிக்க ஆலயமே ஏறக்குறைய 30 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு 2005-இல்தான் திறக்கப்பட்டது. அதுவும் தொழிற்பேட்டைப் பகுதியில். அப்படியிருக்க, வாடகைக் கடைவீட்டை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை.

கடைசியில் புக்கிட் ரோத்தான் பக்கம் ஓர் இடம் அமைந்தது. முன்பு இரும்புச் சாமான் கடையாக இருந்த கீழ்த்தளம். வாடகை பாதிக்கும் குறைவு. பாஸ்டர் அறிவித்தபோது இளையவர்கள் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி மட்டும், "நாங்க அங்கேருந்துதான்யா பொழப்பு தேடி இங்க வந்தோம். இப்ப கோயிலே அங்க போவுதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பாட்டி சிரிக்கவில்லை.

அவர் கேட்டதில் ஒரு வரலாறே இருந்தது. எங்கள் சபையின் மூத்தவர்களில் பலர் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்கள். ராஜா மூசா, துவான் மீ, கோல்ஃபீல்ட்ஸ் என்று அவர்கள் சொல்லும் பெயர்களை இன்று பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில்தான் பார்க்கிறோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. சில தோட்டங்கள் தாமான்களாயின. லயத்தை விட்டவர்கள் கிள்ளானுக்கும் காப்பாருக்கும் வந்து மலிவு வீடுகளில் குடியேறினார்கள். பிறந்த ஊரின் பெயரும் மாறியது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. என் அம்மா இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வார்.

இடம் மாறிய முதல் மாதத்தில் நான் கவனித்தது இதுதான். மூட்டுவலியால் மாடிப்படி ஏற முடியாமல் நின்றுபோன இரண்டு பேர் திரும்ப வந்தார்கள். கீழ்த்தளம் என்பதால் சக்கர நாற்காலியும் நேராக உள்ளே வந்தது. ஆனால், வாரம் தவறாமல் நடந்தே வந்த ஏழெட்டுப் பேரைக் காணவில்லை. கிள்ளானிலிருந்து காப்பார், ஜெரம் வழியாகப் போனால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். காடி உள்ளவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை உலா. காடி இல்லாதவர்களுக்குப் பெரிய பயணம்.

பொதுக்கூட்டத்தில், மிச்சமாகும் வாடகைப் பணத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. புதிய ஒலிபெருக்கி வாங்கலாம் என்றார்கள். வானொலியில் வேலை செய்பவள் என்பதால் நான் ஆதரிப்பேன் என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வெறும் சுவரும் சிமெண்டுத் தரையும் உள்ள அறையில் எவ்வளவு விலை உயர்ந்த ஒலிபெருக்கி வைத்தாலும் எதிரொலிதான் மிஞ்சும். நாலு கனத்த திரைச்சீலை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும் என்றேன். பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் அது நிம்மதி. பிறகு, வராதவர்களின் பட்டியலைப் படித்தேன்.

"நாம் வாடகையை மிச்சம் பிடிக்கவில்லை. அதை இவர்கள் தலையில் கட்டியிருக்கிறோம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, ஒரு காலத்தில் தோட்டத்தில் தண்டலாக இருந்த ஐயா எழுந்தார். "சம்பந்தனார் நில நிதிச் சங்கம் ஆரம்பிச்சப்ப எங்கப்பா மாசா மாசம் காசு கட்டினாரு. தனி ஆளா ஒரு மரத்தைக்கூட வாங்க முடியாது. சேர்ந்தப்ப தோட்டத்தையே வாங்கினாங்க. ஒரு வேன் பிடிக்க முடியாதா?" என்றார். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் சொன்னார். துண்டாடி விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே வாங்க எழுந்த சங்கம் அது.

மிச்சமான தொகையில் ஒரு பங்கு ஞாயிறு வேனுக்கு என்று முடிவானது. வேன் கிள்ளானில் புறப்பட்டு, காப்பாரில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறது. எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. புக்கிட் ரோத்தானைச் சுற்றி இன்னும் தோட்டத்தில் இருக்கும் சில குடும்பங்கள் வரத் தொடங்கின. கிள்ளானுக்கு வரப் பேருந்து செலவுக்கு யோசித்தவர்கள் அவர்கள். பாட்டியின் பழைய லயத்துப் பக்கத்து வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர். ஆராதனை முடிந்து, இருவரும் தேநீர் ஆறிப்போகும் வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

1880-களில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், பேராக்கின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களை நெல் வயல்களில் குடியேற்றினார். மக்கள், நிலம், வழிபாடு மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்த முயற்சி அது. நம் காலத்தில் மூன்றும் மூன்று திசையில் கிடக்கின்றன. அவற்றை இணைப்பது பல வேளைகளில் ஒரு வேன்தான்.

உங்கள் கோயிலோ, டியூஷன் வகுப்போ, இளைஞர் மன்றமோ மலிவான இடத்துக்கு மாறப் போகிறதா? ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு தாளை எடுத்து, காடி இல்லாதவர்களின் பெயர்களை எழுதுங்கள். அவர்கள் வந்து போகும் செலவையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கட்டுப்படியானால், அந்த இடம் உண்மையிலேயே மலிவானதுதான்.